கதவைத் திறந்தவர் சுங்கம் கேட்கலாமா?

லபோர்த் என்ற பெயரைச் சொன்னால், யாரோ ஒரு பிரெஞ்சு கவர்னர், அல்லது பழைய காலத்துப் படைத் தளபதி என்றுதான் நம் தோழர்கள் பலர் எண்ணுவார்கள். அல்ல. அவர் தமிழர், புதுவைக்காரர். பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஊர் அழைத்த வக்கீல். ஒரு ஜோடி காலணிக்காகப் பாரிஸ் வரையில் வழக்காடி வென்றவர். பின்னர் தம் பெயரையே மாற்றிக்கொண்டவர்.

அவருடைய வாழ்க்கையை இன்று ஏன் நினைவூட்டுகிறோம்? மனித உரிமை என்ற சொல் இன்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, மேடையில் இருக்கிறது, சில கார்களின் முகப்புப் பலகையிலும் இருக்கிறது. பிறர் உரிமைக்காகப் பாடுபடுவது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தொழில் என்றால் அதற்கு ஒரு தருமம் வேண்டாமா? கொத்தனாருக்கு நூல்குண்டு உண்டு. தராசுக்காரனுக்கு முத்திரையிட்ட படிக்கல் உண்டு. உரிமைக்குப் பாடுபடுகிறவனுக்கு எது படிக்கல்? பொன்னுத்தம்பியின் வாழ்க்கையில் அதற்கு விடை கிடைக்கிறது. அவருடைய வெற்றியிலும் கிடைக்கிறது. வெற்றிக்குப் பின்னால் நடந்தவற்றிலும் கிடைக்கிறது.

அவர் வாழ்ந்த புதுவை இரண்டு ஊர்களாக இருந்தது. நடுவே வாய்க்கால். கடற்கரைப் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். மனிதர் எல்லோரும் சமம் என்று பிரான்சு நாடு 1789-லேயே எழுதிவிட்டது. ஆனால் அந்த எழுத்து வாய்க்காலைத் தாண்டி வர அஞ்சியது.

1819 ஜனவரி 6-ஆம் நாள் புதுவை அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே நடைமுறைக்கு வரும். ஆனால் இந்தியர்களின் வழக்குகள் அவரவர் சாதியின் சட்டப்படியும் பழக்க வழக்கப்படியுமே தீர்க்கப்படும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நல்ல வாக்குறுதிதான். திருமணம், சொத்து, வாரிசு ஆகியவற்றில் அந்நியன் தலையிடமாட்டான் என்று மக்கள் ஆறுதல் கொண்டார்கள். ஆனால் பழக்கம் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் கூர் உண்டு. ஒருவனுடைய வழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிறவன், அதே வழக்கத்தைக் காட்டி அவனை வாசலிலேயே நிறுத்தியும் வைக்கலாம். மாமூல், மாமூல் என்று சொல்லியே எத்தனை அவமானங்கள் நிலைத்தன!

அவற்றில் ஒன்று காலணி மாமூல். ஐரோப்பியர் நீதிமன்றத்தில் காலணியோடு நிற்கலாம். தமிழன் வெளியே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வரவேண்டும். வக்கீலாக இருந்தாலும் அதுதான் கதி. ஒரே மன்றம், ஒரே சட்டம், ஒரே தொழில். கால் மட்டும் இரண்டு சாதி!

1873-ஆம் ஆண்டில் ஒரு நாள் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்த காலோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். கழற்றுமாறு நீதிபதி கட்டளையிட்டார். பொன்னுத்தம்பி கழற்றவில்லை. தண்டிக்கப்பட்டார்.

அன்று அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, பணிந்து போவது. காலணியைக் கழற்றிவிட்டு, கட்சிக்காரர்களின் வழக்கைப் பார்த்து, வருமானத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். இரண்டாவது வழி, சலுகை கேட்பது. படித்தவர், தொழிலில் உள்ளவர் என்பதைச் சொல்லி, பெரிய மனிதர்களைப் பிடித்து, தமக்கு மட்டும் ஒரு விலக்கு வாங்கியிருக்கலாம். மூன்றாவது வழி, அந்தத் தண்டனை சட்டப்படி செல்லுமா என்று சட்டத்தையே கேட்பது. அவர் மூன்றாவது வழியில் போனார்.

இங்கே இரண்டு செய்திகளைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சோதனைக்கு அவர் முன்வைத்தது தம் காலை. ஏழைக் கட்சிக்காரன் ஒருவனுக்குக் காலணி மாட்டிவிட்டு, நீ உள்ளே போ, நடப்பதை நான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அடி விழுந்தால் தம்மீது விழட்டும் என்று நின்றார். அடுத்தது, அவர் கேட்டது தயவு அல்ல, தீர்ப்பு. தயவு ஒருவனோடு முடிந்துவிடும். தீர்ப்பு அடுத்து வருகிறவனுக்கும் பயன்படும்.

வழக்கு பாரிஸ் நகரத்துக்குப் போனது. பிரெஞ்சு நாட்டின் தலைமை மேல்முறையீட்டு மன்றம் கசாசியோன் நீதிமன்றம். கப்பல் வாரக் கணக்கில் ஓடவேண்டிய தூரம். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன் என்ற இளம் வக்கீல். முடிவில் தமிழ் வக்கீலின் கட்சியே வென்றது. புதுவையில் கொடுத்த தண்டனையைப் பாரிஸ் தள்ளிவிட்டது.

உழைக்கும் தோழர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்கலாம். காலணி வாங்க வழியுள்ள வக்கீலுக்கு அது உரிமைப் பிரச்சினை. கால் முழுதும் வெடித்துக் கிடந்த கூலிக்காரனுக்கு அதனால் என்ன வந்தது? நியாயமான கேள்விதான். அதே காலத்தில்தான் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகத் தமிழ்க் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர். பாதி அடிமைத்தனம் என்பது உண்மை. அவர்களோடு ஒப்பிட்டால் வக்கீலின் காலணி சிறிய காரியமாகத் தோன்றும்.

ஆனால் சிறியது என்று ஒதுக்கிவிடக் கூடாது. காலணியைக் கழற்றச் சொன்ன கொள்கைதான் கூலியைக் கப்பலேற்றிய கொள்கை. இவன் வேறு மனிதன், இவனுக்கு வேறு அளவு என்பதே இரண்டுக்கும் வேர். படித்த வக்கீலையே வெறுங்காலாக்க முடிந்த மன்றத்தில், படிக்காத கூலி தன் குறையைச் சொல்ல வாய் திறப்பானா?

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைக்கார இந்தியாவிலும் காலணிச் சண்டை இருந்தது. 1862-இல் சூரத் நகரில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்ற பார்சிக்காரர் இதே பிரச்சினைக்காக மன்றத்தில் போராடினார். அங்கே அரசு கண்டுபிடித்த சமாதானம் விசித்திரமானது. ஐரோப்பிய பூட்சு போட்டவன் அதோடு வரலாம். நாட்டுச் செருப்புப் போட்டவன் கழற்றியே ஆகவேண்டும். அதாவது, எங்களைப் போல ஆனால் மரியாதை. நீயாகவே இருந்தால் மரியாதையில்லை! இந்த நஞ்சு பொன்னுத்தம்பியின் வெற்றியிலும் ஒரு துளி கலந்திருந்தது. அவர் அணிந்திருந்ததும் ஐரோப்பியக் காலணிதான். அந்தத் துளி பிறகு வேலை செய்தது.

வெற்றிக்குப் பின் நடந்ததைச் சொல்கிறோம். பிரெஞ்சு இந்தியாவுக்குப் பாரிஸ் பாராளுமன்றத்தில் அன்று ஓர் இடம் இருந்தது. 1876-இல் அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? காலணி வழக்கை வாதாடிய அதே ழூல் கோதேன்! பிற்காலத்தில் அவர் நம் பகுதியின் செனட்டர் ஆனார். 1898-இல் சில வாரங்கள் பிரான்சின் மந்திரியாகவும் இருந்தார்.

இதைக் குற்றம் என்று நாம் எழுதவில்லை. நன்றி மறவாத மக்கள் தங்களுக்காக வாதாடியவரைத் தேர்ந்தெடுப்பது இயற்கை. உரிமைக்குப் பாடுபட்டவன் பதவிக்கே போகக்கூடாது என்று சொன்னால், பதவியெல்லாம் உரிமையை மிதிப்பவனுக்கே போய்விடும். ஆனால் உரிமைப் பணியாளன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே பிறக்கிறது. துன்பப்பட்டவனுடைய வழக்கு எனக்கு வேலையா, ஏணியா? பதவி கிடைத்த பிறகும் அடுத்த துன்பப்பட்டவன் வந்தால் அதே ஆர்வத்தோடு எழுந்திருப்பேனா? கேள்வியை ஊர் கேட்கும்வரையில் காத்திருக்கக் கூடாது.

பொன்னுத்தம்பியின் வாழ்க்கையில் அடுத்த திருப்பம் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வந்த ஆணை. இந்தியர் தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சுக் குடிச்சட்டத்தை ஏற்கலாம் என்று அது கூறியது. துறந்தவர் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்று அழைத்தார்கள். பொன்னுத்தம்பி அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அவர் ஏற்ற பெயர்தான் லபோர்த். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கதவு என்று பொருள்.

கதவு திறந்தது, ஆட்கள் நுழைந்தார்கள். நுழைந்தவர்களில் பெரும்பாலோர் யார்? கிறித்தவர்களும், தீண்டாமைக் கொடுமையில் நசுங்கிய ஆதிதிராவிட மக்களும். அவர்களுக்குச் சாதிச் சட்டம் என்பது சங்கிலி. அதைத் துறப்பதில் இழப்பு என்ன இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று கேட்டதும் அவர்கள் வந்தார்கள். மேல்சாதி இந்துக்கள் வரவில்லை. அவர்களுக்குத் தலைவராக நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். பழக்க வழக்கம் அழிகிறது, சாதி கெடுகிறது என்று அவர் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. புதுவை அரசியலைப் பல ஆண்டு தம் கைக்குள் வைத்திருந்தவர் அவர்.

வெள்ளையர்களாவது சமத்துவத்தை வரவேற்றார்களா? அதுதான் இல்லை. ரெனோன்சான்கள் முதலில் ஐரோப்பியரோடு ஒரே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். தங்களைவிட இவர்கள் தொகை பெருகிவிடும் என்று கண்டதும் ஐரோப்பியர் அலறினார்கள். 1884-இல் மூன்று பட்டியல் வந்தது. ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சானுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. பெயரை மாற்றினான், சட்டத்தை மாற்றினான். ஆனாலும் வாசலில் புதிதாக ஒரு கோடு கிழித்து நிறுத்திவிட்டார்கள். பிறகு 1899-இல் அந்த நடுப்பட்டியலும் எடுக்கப்பட்டது.

பட்டியல்கள் வந்ததும் கணக்குப் போடுகிறவர்கள் வந்தார்கள். பிரெஞ்சு இந்தியாவின் தேர்தல்கள் அடிதடிக்கும் கள்ள வாக்குக்கும் பெயர் போனவை. உரிமைக்காகத் துறந்தவன், எண்ணிக்கைக்காக வளைக்கப்படும் தலையானான். துறந்தவர் பலர் சைகோனுக்குக் கப்பலேறி அங்கே பிரெஞ்சு அலுவலகங்களில் உத்தியோகம் பார்த்தார்கள். குடும்பங்கள் முன்னேறின, அதை மறுக்க மாட்டோம். ஆனால் ஊரில் கிடந்த சேரியின் வாசல் அதே இடத்தில் கிடந்தது.

இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொன்னுத்தம்பி துணிவுள்ளவர். நேர்மையான வழியில் போனவர். சாதிச் சட்டத்தை உதறும் வாய்ப்பு வந்தபோது, பிறருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கவில்லை. தாமே முதலில் உதறினார். அவருக்கு நம் வணக்கம். ஆயினும் அந்தக் கதவுக்குள் போக ஒரு சுங்கம் இருந்தது. பெயரைக் கொடு, வழக்கத்தைக் கொடு, பிறகு உரிமையைப் பெற்றுக்கொள் என்ற சுங்கம். அதை விதித்தது அவரல்ல, ஆட்சி. ஆனால் எந்த உரிமையும் இப்படி விலை வைத்து வரும்போது, அதை முழு உரிமை என்று மக்களிடம் சொல்லலாகாது. கிடைத்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, இன்னும் வரவேண்டியது இவ்வளவு என்று கணக்கைத் திறந்து காட்டவேண்டும். மனிதன் தன் பெயரோடும் தன் செருப்போடும் மனிதனாக மதிக்கப்படும் நாள் வரும்வரையில் வழக்கு முடியவில்லை.

புதுவை வழக்கு நடந்து இருபது ஆண்டு கழிந்தது. கடலுக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் ஒரு நீதிபதி. 1893-இல் அந்த மன்றத்தை விட்டு வெளியேறிய இளம் வக்கீல், காந்தியார். மறு ஆண்டில் உயர்ந்த மன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டபோது, தலைமை நீதிபதியின் சொற்படி அதே தலைப்பாகையைக் கழற்றினார். நண்பர்கள் கோபித்தார்கள். பெரிய போருக்கு வலுவைச் சேமிக்கிறேன் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பெரிய போர் விரைவிலேயே அவர் அலுவலக வாசலுக்கு வந்தது. பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்த அடியில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். காந்தியார் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். முதலில் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்து டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். பிறகு நீதிபதியிடம் அழைத்துப் போனார். முதலாளியைச் சிறையிலே தள்ளிப் பெயர் வாங்க அவர் முயலவில்லை. பாலசுந்தரம் அந்த முதலாளியிடமிருந்து விடுபட வேண்டும், அதுவே நோக்கம். வேறு முதலாளியைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார். மரியாதை, மருத்துவம், சான்று, சட்டம், விடுதலை. இந்த வரிசையில் நடந்தது வேலை. படம் பிடிப்பதும் பத்திரிகைக்குச் சொல்வதும் முதலில் வரும் இன்றைய வரிசையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுவைக்கே திரும்புவோம். 1936 ஜூலை 30-ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அந்த இரத்தத்துக்கு நியாயம் கேட்டுத் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் போனார். 1937-இல் எட்டு மணி நேர வேலையை உள்ளடக்கிய தொழிற்சட்டம் பிரெஞ்சு இந்தியாவுக்கு வந்தது. பொன்னுத்தம்பியின் வழக்கு போன அதே கடல் வழி. ஆனால் இம்முறை பெயரை மாற்றவேண்டிய சுங்கம் இல்லை. காலணி இல்லாத தொழிலாளி தன் பெயரோடு நின்றே உரிமை பெற்றான். அதற்கு அவன் கொடுத்த விலை பன்னிரண்டு உயிர். அந்தக் கணக்கை எந்தத் தலைவரும் தம் பெயரில் எழுதிக்கொள்ள உரிமையில்லை.

உலகம் பிறகு சட்டங்களை எழுதியது. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அதுவும் பாரிஸ் நகரத்தில்தான். 1993-இல் இந்தியாவில் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தேசிய ஆணையம் அமைந்தது. 1998-இல் ஐக்கிய நாடுகள் சபை உரிமைக் காவலர்களுக்கென்றே ஒரு பிரகடனம் செய்தது. அதன் 11-ஆம் பிரிவு, பிறர் மானத்தையும் உரிமையையும் தொடும் தொழில் எதுவாயினும், அதைச் செய்கிறவர் அந்த உரிமைகளை மதித்து, தம் தொழிலின் ஒழுக்க நெறிக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. போலீசுக்காரர், டாக்டர், வக்கீல் எவரும் அதற்கு விலக்கல்லர். உரிமைப் பணியாளர் மட்டும் எப்படி விலக்காவார்?

ஆனால் நாட்டில் காண்பது என்ன? மனித உரிமை என்ற பெயரில் அடையாள அட்டை அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காரில் பலகை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் நாற்காலி கேட்கிறார்கள். அடித்தவனிடமும் வாங்கி, அடிபட்டவனிடமும் வாங்கி, கட்டப் பஞ்சாயத்து முடிக்கிறார்கள். இவர்கள் கதவைத் திறந்தவர்கள்கூட அல்லர். எவரோ திறந்த கதவின் அருகே நின்று சுங்கம் வசூலிப்பவர்கள். இவர்களால் கெடுவது இவர்கள் பெயர் மட்டுமல்ல. நாளை உண்மையாகவே அடிபட்ட ஒரு தொழிலாளி நியாயம் கேட்டு வரும்போது, இவனும் அந்தக் கூட்டம்தான் என்று அதிகாரி கதவைச் சாத்துகிறானே, அதுதான் பெருங்கேடு.

ஆகவே, தெருவிலும் ஆலையிலும் மக்கள் குறையைக் கேட்டு வேலை செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. அடிபட்டவனிடம் முதலில் கேளுங்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்று. அவன் சம்மதம் இல்லாமல் அவன் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். நீங்கள் கூட்டம் முடிந்து வீடு போய்விடுவீர்கள், அவன் அதே முதலாளியின் வாசலுக்குத்தான் காலையில் போகவேண்டும். பெண் என்றால் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். மூன்று அடி விழுந்திருந்தால் மூன்று என்றே எழுதுங்கள். முப்பது என்று எழுதினால் அந்த மூன்றும் பொய்யாகிவிடும். நம் கட்சிக்காரன் அடித்தாலும் அடி அடிதான். அதை மறைக்கிறவன் நாளை எதிர்க்கட்சிக்காரன் அடித்ததைப் பேச வாய் இழக்கிறான். பணம் வாங்காதீர்கள், செலவுக்கு வாங்க நேர்ந்தால் கணக்கை அவன் கையிலேயே கொடுங்கள். ஆபத்தான படியில் பிறரை ஏற்றிவிடாமல் நீங்கள் முதலில் ஏறுங்கள்.

வெற்றி வந்தால் விலகி நில்லுங்கள். கதவு என்று பெயர் வைத்துக்கொண்ட வக்கீல் நமக்கு விட்டுப்போன பாடம் அதுதான். அவர் மறைந்து நீண்ட காலமாகிவிட்டது. ரெனோன்சான், மூன்று பட்டியல் என்ற சொற்களும் மறைந்தன. இன்று புதுவை நீதிமன்றத்தில் எந்தத் தமிழன் காலைப் பார்த்தும் எவரும் கழற்று என்று சொல்வதில்லை. பொன்னுத்தம்பி என்ற பெயரை அறியாமலே ஆயிரம் பேர் காலணியோடு உள்ளே போகிறார்கள். உரிமைக்குப் பாடுபட்டவனுக்கு இதைவிடப் பெரிய கூலி வேறு உண்டோ?